மூடிய கதவைத் தட்டிய பாட்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்புக் கடிதத்தோடு அறக்கட்டளையின் விதிமுறைகளையும் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆண்டுதோறும் இசை பற்றி ஒருவர் பேச வேண்டும். ஆனால் பேசுகிறவர் பாடகராகவோ வாத்தியக்காரராகவோ இருக்கக் கூடாது. இதை எழுதிவைத்த பெரியவர் ஓயாமல் கச்சேரி கேட்டவர் என்று சொன்னார்கள். வித்துவான்கள் பேசியும் நிறையக் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

அந்த விதிக்கு நான் சரியாகப் பொருந்துகிறேன். எனக்குச் சுருதி சேராது. முப்பது வருஷத்துக்கு மேல் வானொலியில் நிகழ்ச்சி தயாரித்தவன். நேயர் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது என் வேலையில் பாதி. ஆகவே, பாடியவர்களை விட்டுவிட்டுக் கேட்டவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். எனிக்மா என்ற பெயரில் 1990 டிசம்பரில் வெளிவந்தது. அதன் தலைப்பே ஆண்டுதான். 1990 என்பதை ரோமன் எண்ணில் எழுதி, பக்கத்தில் கிறிஸ்து ஆண்டு என்பதன் லத்தீன் சுருக்கத்தைப் போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் அரங்கில் அதன் முக்கியமான பாட்டை இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டேன். அச்சில் அதற்கு வழியில்லை. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் தூரத்தில் கப்பல் சங்கு ஊதுவது போல ஓர் ஒலி. ஒரு பெண்குரல், விளக்கை அணைத்துவிட்டு மூச்சை ஆழ இழுத்து ஓய்வாக இருக்கச் சொல்கிறது. பிறகு துறவியர் கூட்டம் ஒன்று லத்தீனில் ஓதும் குரல். ஓதல் நடந்துகொண்டிருக்கும்போதே அடியில் ஒரு தாளம் வந்து சேர்கிறது. அது அப்போது லண்டன் நடனக்கூடங்களில் புழங்கிய மெதுவான, ஆட்டமான தாளம். மேலே மூங்கில் குழல். நடுநடுவே இன்னொரு பெண் பிரெஞ்சில் கிசுகிசுக்கிறாள், கனத்த மூச்சோடு.

இதைச் செய்தவர் மைக்கேல் கிரெட்டு. 1957இல் புக்கரெஸ்ட்டில் பிறந்து ஜெர்மனியில் இசை செய்தவர். ஸ்பெயினின் இபிசா தீவில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். கிசுகிசுத்தவர் அவர் மனைவி சாண்ட்ரா, ஜெர்மனியில் அப்போது பெயர்பெற்ற பாப் பாடகி. ஆனால் வெளிவந்தபோது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அட்டையில் ஆளின் படம் இல்லை. கிரெட்டு புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டார். கேட்பவர்கள் ஆளைப் பார்க்காமல் இசையைக் கேட்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். வியாபாரத்துக்கும் அது கெடுதலாக முடியவில்லை. அந்தப் பாட்டு 1991 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஆல்பம் அமெரிக்காவின் முதல் 200 பட்டியலில் 282 வாரம் இருந்தது. கணக்குப் போட்டால் ஐந்து வருஷத்துக்கு மேல். கடைக்காரர்கள் இதை எந்த அலமாரியில் வைப்பது என்று குழம்பி, பலர் நியூ ஏஜ் அலமாரியில் வைத்தார்கள். 1987இல்தான் கிராமி விருதிலேயே அந்தப் பெயரில் ஒரு பிரிவு வந்திருந்தது; தியானம், மூச்சுப்பயிற்சி, ஊதுவத்தி, கடல் அலைச் சத்தம் எல்லாம் அந்த அலமாரியில்தான். அதில் நடன இசை வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

என்னிடம் அந்தக் கேசட் 1991 கடைசியில் வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த என் மைத்துனர் கொண்டுவந்தார். பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட். அட்டையில் பென்சிலால் ‘சர்ச் மியூசிக் - டான்ஸ்’ என்று எழுதியிருந்தது. ராத்திரி கேட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மேலே பேசினால் நன்றாக இருக்காது.

பிடித்ததோடு நிற்கவில்லை. தென்மாவட்ட நிலையம் ஒன்றில் அப்போது காலைச் சிந்தனை மாதிரி ஒரு ஐந்து நிமிட நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தேன். பேச்சுக்கு அடியில் ஓடவிட ஏதாவது வேண்டும். வீணையைப் போட்டால் ஜனங்கள் வீணையைக் கேட்கிறார்கள், புல்லாங்குழல் போட்டால் யார் வாசித்தது என்று கேட்டு எழுதுகிறார்கள். இந்தக் கேசட்டில் பெண் மூச்சு வராத ஒரு பகுதியாகப் பார்த்து வெட்டி, அடியில் ஓடவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எங்கே எடுத்தது என்று சொல்லவுமில்லை. கிரெட்டு செய்ததையே, அவரிடமிருந்து எடுத்து, நான் செய்தேன். இதைப் பின்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அஞ்சலட்டைகள் வந்தன. பேசியதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பின்னணியைப் பற்றி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒருவர், மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது என்று எழுதினார். ஓர் அம்மா, இது எந்த மாதா கோயிலில் பதிவு செய்தது, நேரில் போய்க் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன், பேய்ப் படத்துக்குப் போடுகிற சங்கீதம் காலையில் எதற்கு, எங்கள் வீட்டில் ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று புகார் செய்திருந்தான். அந்தப் பையன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1976இல் வந்த ‘தி ஓமன்’ படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் லத்தீன் கோஷ்டிகானத்தை வைத்தே பயமுறுத்தி ஆஸ்கர் வாங்கினார். அதற்குப் பிறகு பேய்ப் படக்காரர்களுக்கு லத்தீன் என்றால் சாத்தான் வருகிறான் என்று அர்த்தம்.

ஒரே ஒலி ஒருவருக்கு ஓய்ந்த மழை, இன்னொருவருக்கு மாதா கோயில், மூன்றாமவருக்குப் பேய். இவர்கள் மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவருக்கும் வார்த்தை புரியவில்லை. எனக்கும்தான். புரியாததால் அந்தக் குரலில் அவரவருக்கு வேண்டியதை வைத்துக்கொண்டோம்.

அப்படியானால் நாங்கள் கேட்டது என்ன? ஒலிப்பதிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. நாங்கள் பாட்டைக் கேட்கவில்லை, கட்டடத்தைக் கேட்டோம். கிரகோரியன் ஓதல் ஒற்றை வரிசையில் போவது. பக்கத்தில் இன்னொரு ஸ்வரம் நிற்காது, தாளக்கட்டும் கிடையாது. வார்த்தையின் ஓட்டம்தான் அதன் நடை. கல்லால் கட்டிய பெரிய ஆலயத்தில் கைதட்டினால் அந்தச் சத்தம் முழுக்க அடங்க ஐந்து, ஆறு நொடி ஆகும். நம் வீட்டுக் கூடத்தில் அரை நொடிகூட ஆகாது. அவ்வளவு நீண்ட எதிரொலியில் வேகமாக எதையும் பாட முடியாது, பாடினால் கூழாகிவிடும். ஆகவே, ஒரு ஸ்வரம் விட்ட இடத்தில் அதன் நிழல் நிற்க, அதன் மேல் அடுத்த ஸ்வரம் வந்து உட்காரும்படி அந்தப் பாட்டும் அந்தக் கட்டடமும் சேர்ந்தே வளர்ந்தன. காதுக்குள் எதிரொலி விழுந்தவுடனே மனம், ‘பெரிய இடம், உயரமான கூரை, நாம் சின்னவர்’ என்று கணக்குப் போட்டுவிடுகிறது. பக்தி இருக்கிறதோ இல்லையோ, குரல் தாழ்ந்துவிடும். ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழைகிற நாத்திகரும் மெதுவாகத்தான் பேசுகிறார்.

1976இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் டிஜிட்டல் முறையில் எதிரொலி உண்டாக்கும் எந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் எதிரொலி வேண்டுமென்றால் தனி அறை கட்ட வேண்டும், அல்லது கட்டில் அளவு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு அதிரச் செய்ய வேண்டும். அதன் பிறகு ஆலயம் ஒரு பொத்தானுக்குள் வந்துவிட்டது. என்னை யாராவது நியூ ஏஜ் இசையின் பிறப்பு பற்றிக் கேட்டால், இமயமலையையும் சாமியார்களையும் விட்டுவிட்டு இந்த எந்திரத்தைத்தான் காட்டுவேன். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்; ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

சாம்ப்ளர் என்ற கருவி இதற்கு அடுத்த படி. எந்த ஒலியையும் சில நொடிக்கு நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, விரல் வைத்த இடத்தில் எழுப்பித் தரும். இந்த ஆல்பத்தில் வரும் மூங்கில் குழல், ஜப்பானின் ஷாகுஹாச்சி. அதற்காக யாரையும் இபிசாவுக்கு வரவழைக்கவில்லை. எமுலேட்டர் என்ற கருவியோடு வந்த ஒலித்தொகுப்பிலேயே அது இருந்தது. பீட்டர் கேப்ரியல் 1986இல் பாடிய ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாட்டின் தொடக்கத்திலும் அதே குழல்தான், அதே ஊதல்தான். உலகத்தில் பாதிப் பேர் அந்த ஊதலைக் கேட்டிருக்கிறார்கள். ஊதிய மனிதரின் பெயர் எந்த அட்டையிலும் வரவில்லை.

இனி வாத்தியாரையா கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். சிறுவயதில் பூசை உதவிக்கு நின்றவர், பிறகு கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். லத்தீன் பூசை நடந்த காலம் அது. லத்தீன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. தட்டச்சு மாதிரி எழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் கேசட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“தம்பி, இது நம்ம குருத்து ஞாயிறு பாட்டுல்லா!”

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, உதடு அசையக் கூடவே பாடினார். எனக்கு வெறும் மூட்டமாகக் கேட்ட ஒலி அவர் வாயில் வார்த்தை வார்த்தையாகப் பிரிந்தது. குருத்தோலைப் பவனி கிளம்பும்போது சமாதானமாகப் புறப்படுவோம் என்று சொல்கிற அழைப்பு அது. சம்மனசுகளோடும் சிறுவர்களோடும் சேர்ந்து நாமும் உண்மையாக நிற்போம் என்று அடுத்த அடி. பிறகு தாவீதின் சங்கீதத்திலிருந்து, வாசல்களைத் தூக்கித் திறக்கச் சொல்லும் பகுதி. அப்புறம் உள்ளே வரப்போகும் அரசர் யார் என்று ஒரு கேள்வி.

கேள்வி முடிந்தது. அவர் வாய் திறந்து காத்திருந்தார். பிரெஞ்சுக்காரி கிசுகிசுக்க ஆரம்பித்தாள். வாத்தியாரையா கண்ணைத் திறந்தார்.

“அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கு தம்பி. பதிலை விட்டுட்டாவ.”

கேசட்டைப் பின்னால் சுற்றச் சொன்னார். மறுபடி கேட்டார். மறுபடியும் கேள்வி வந்தது, மறுபடியும் பதில் வரவில்லை. “எதுக்குத் தம்பி அந்தப் பொம்பள நடுவுல மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவள் கேட்பது மார்க்கி த சாத் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளரை நோக்கி. கொடூர இன்பம் பற்றி எழுதிச் சிறையிலும் பைத்தியக்கார விடுதியிலுமாகக் காலம் கழித்து 1814இல் செத்துப்போனவர். அவர் பெயரிலிருந்துதான் அந்த வகை இன்பத்துக்கே ஆங்கிலத்தில் பெயர் வந்தது. நீ என்ன தேடுகிறாய், நீ பிசாசா தெய்வமா என்று அவரிடம் கேட்கிறாள். பாட்டின் தலைப்பிலேயே அவர் பெயரும் சோகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் பிணைந்து கிடக்கின்றன. பிரிட்டனில் வெளியிட்டபோது எழுத்தை மாற்றி வெறும் சோகமாக்கிவிட்டார்கள்.

பிற்பாடு இந்த அமைப்பை யோசித்துப் பார்த்தபோது எனக்குக் கிரெட்டுவின் மேல் மரியாதை கூடியது, உறுத்தலும் கூடியது. யார் அந்த அரசர் என்ற கேள்விக்கு ஆண்டவரே என்று சங்கீதம் பதில் சொல்லும் இடத்தில், நீ யார் என்று சாத்திடம் இன்னொரு கேள்வியைச் செருகியிருக்கிறார். தற்செயலாக நடந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். தெரிந்து செய்திருந்தால் அது ஒரு கலைஞனின் வேலை. ஆனால் அந்த வேலையின் கூர்மை லத்தீனும் பிரெஞ்சும் தெரிந்த ஒருசிலரைத்தான் குத்தும். மற்ற லட்சக்கணக்கானவர்கள் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வாத்தியாரையாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் அந்தக் கதவைப் பற்றிப் பேசினார். 1956க்கு முன்பு குருத்து ஞாயிறு பவனி வெளியே சுற்றி வந்து முன்வாசலுக்கு வரும்போது கதவு சாத்தியிருக்கும். பாடகர்களில் சிலர் உள்ளே, மற்றவர்கள் சனங்களோடு வெளியே. மாறிமாறிப் பாடுவார்கள். பிறகு சிலுவைத் தண்டின் அடிப்பகுதியால் கதவைத் தட்டுவார்கள், கதவு திறக்கும். பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1955இல் புனித வாரச் சடங்குகளைத் திருத்தியபோது அந்தத் தட்டல் போயிற்று. அந்தச் சங்கீதமும் அந்தக் கதவும் அவர் மனதில் ஒன்றாகக் கிடந்தன. உள்ளே நிற்கும் சிறுவர்களில் ஒருவனாக அவர் நின்றிருக்கிறார். இருட்டில், சாத்திய கதவுக்குப் பின்னால், வெளியே வெயிலில் பாடுகிறவர்களின் குரல் மங்கலாகக் கேட்கும். “இந்த டேப்புல கேக்குதே, அதே மாதிரி கேக்கும்” என்றார். அவரும் எதிரொலியைத்தான் கேட்டார். ஆனால் அது எந்தக் கதவிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

போகும்போது ஒரு கேள்வி கேட்டார். “யாரு தம்பி பாடுதாவ? எந்த ஊரு மடம்?”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பென்சில் எழுத்துதான் இருந்தது. அசல் அட்டை கிடைத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

இந்த ஓதலுக்குப் பின்னால் சரித்திரச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 1903இல் பத்தாம் பத்திநாதர் கிரகோரியன் பாடலைத் திருச்சபையின் தலையாய இசை என்று அறிவித்தார். பிரான்சின் சொலேம் மடத்துத் துறவிகள் பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பல பத்தாண்டுகள் உழைத்துச் செப்பனிட்ட பாடம் உலகமெங்கும் போயிற்று. வாத்தியாரையாவின் கடற்கரைக்கும் வந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பாடலுக்கு முதலிடம் என்று சொல்லிக்கொண்டே மக்கள் மொழியில் வழிபடவும் இடம் கொடுத்தது. மக்கள் மொழி வந்தது, லத்தீன் போனது. நமக்கு நல்ல தமிழ்ப் பாடல்கள் கிடைத்தன. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் 1990இல் இருபது வயதாக இருந்த ஐரோப்பியக் கத்தோலிக்க இளைஞர் பலர் தம் சொந்தக் கோயிலின் பழைய பாட்டை முதன்முதலாக நடனக்கூடத்தில்தான் கேட்டார்கள். அவர்கள் மயங்கியதில் ஆச்சரியமில்லை. பாட்டியின் பெட்டியில் இருந்த நகையை வேறொருத்தி போட்டுக்கொண்டு வரும்போதுதான் பேத்திக்கு அது கண்ணில் படும்.

அந்தப் பசி எவ்வளவு பெரியது என்பது 1994இல் தெரிந்தது. ஸ்பெயினின் சாந்தோ தொமிங்கோ தெ சிலோஸ் மடத்து பெனடிக்ட் சபைத் துறவிகள் ஓதிய பதிவுகளை, எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எடுத்தவற்றை, ஒரே ஆல்பமாகத் தொகுத்து வெளியிட்டார்கள். தாளம் இல்லை, கிசுகிசுப்பு இல்லை. அட்டையில் மேகத்துக்கு நடுவே துறவிகள் மிதந்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம். அலுவலகம் போய்த் திரும்புகிறவர்கள் நெரிசலில் காருக்குள் கேட்டார்கள். மடத்துக்கு வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஒரு நாளைக்குப் பலமுறை கூடிக் கடவுளை நோக்கி ஓதுவது அந்தத் துறவிகளின் வேலை. அது நமக்கு மன அழுத்தத்துக்கு மருந்து.

எனிக்மாவின் மேல் ஒரு வழக்கு வந்தது, இனி அதற்கு வருகிறேன். அந்தக் குரல்கள் மடத்துத் துறவிகளுடையவை அல்ல. மியூனிக் நகரின் ஒரு பாடகர் குழு, பாஸ்கா காலத்துப் பாடல்களைச் சேர்த்து 1976இல் ‘பஸ்காலே மிஸ்தேரியும்’ என்ற இசைத்தட்டு வெளியிட்டிருந்தது. கிரெட்டு அதிலிருந்து எடுத்திருந்தார், அனுமதி கேட்கவில்லை. பதிவின் சொந்தக்காரர்களான நிறுவனங்களும் குழுவும் விடவில்லை. 1994இல் நஷ்டஈடு கொடுத்து முடிந்தது. பாட்டு யாருடையது என்று கேட்டால் ஆயிரம் வருஷத்துப் பழைய சொத்து, உரிமை கோர ஆளில்லை. ஆனால் குழு வைத்த வாதம் ஆளுமை உரிமை பற்றியது: இது எங்கள் குரல். ஜெர்மன் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பழைய பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இருக்கலாம், தொண்டைக்கு இருக்கிறார்.

இந்த விஷயம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது எனிக்மாவின் அடுத்த ஆல்பத்தில். 1994இன் தொடக்கத்தில் உலகமெங்கும் ஒலித்த ‘ரிட்டர்ன் டு இன்னொசன்ஸ்’ பாட்டில் ஒரு முதியவரின் குரல் மலையிலிருந்து அழைப்பது போல எழும். கேட்டவர்களில் பலர் அது அமெரிக்கச் செவ்விந்தியரின் பிரார்த்தனை என்று நம்பினார்கள். உண்மையில் அது தைவானின் அமிஸ் பழங்குடியினரின் பாட்டு. விருந்தில் பெரியவர்கள் கூடிக் குடிக்கும்போது பாடுவது. பாடியவர் டிஃபாங், சீனப் பெயரில் குவோ யிங்-நான்; கூடப் பாடியவர் அவர் மனைவி இகாய். 1988இல் கலைப் பரிமாற்றத்துக்காக ஐரோப்பா போயிருந்தபோது பாரிசில் பதிவானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸின் விளம்பரத்திலும் அந்தக் குரல் வந்தது. கள் குடிக்கும்போது பாடும் பாட்டு உலகத்துக்கே தூய்மையின் அடையாளமாயிற்று. எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, சிரித்தபின் சங்கடமும் வருகிறது.

தம்பதி 1998இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது; பெயரும் சேர்க்கப்பட்டது. இதைக் கேட்டால் பழமைவாதிகள், பார்த்தீர்களா, பழங்குடி இசையை எந்திரத்தோடு கலந்ததற்குத் தண்டனை என்று சொல்லக்கூடும். அப்படியில்லை. அதே 1998இல் டிஃபாங் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டார். ‘சர்க்கிள் ஆஃப் லைஃப்’ என்று தலைப்பு. தயாரித்தவர் டான் லாக்ஸ்மன். டீப் ஃபாரஸ்ட் குழுவுக்கு ஒலி அமைத்தவர், மின்னணு இசையில் ஊறியவர். கிழவருக்குத் தாளமோ எந்திரமோ பிரச்சினையாக இருக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

டீப் ஃபாரஸ்ட் என்று சொன்னதால் ஒரு நிமிடம் அங்கே நிற்க வேண்டியிருக்கிறது. 1992இல் வந்த அவர்களின் தாலாட்டு, சாலமன் தீவுகளில் மலைத்தா தீவைச் சேர்ந்த அஃபுனாக்வா என்ற பெண் பாடியது. ஹ்யூகோ ஸெம்ப் என்ற இசை ஆய்வாளர் 1970 வாக்கில் அங்கே போய்ப் பதிவு செய்தார். யுனெஸ்கோவின் இசைத் தொகுப்பில் வெளிவந்தது. தாய் தகப்பன் இல்லாத சிறு குழந்தையை மூத்த குழந்தை தேற்றுகிற பாட்டு. டீப் ஃபாரஸ்ட் ஆல்பம் ஆப்பிரிக்கக் காட்டுப் பிக்மிகளைப் பற்றியது என்று விற்றதால், கேட்டவர்கள் எல்லோரும் இதையும் பிக்மித் தாலாட்டு என்றே கேட்டார்கள். நார்வேயின் பெரிய சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கும் 1996இல் அதை வாசித்தபோது பிக்மித் தாலாட்டு என்றே தலைப்பிட்டார். அவருடைய காது சாதாரணக் காது அல்ல. அவருக்கே அந்தக் கதி. அமெரிக்க இசை மானுடவியலாளர் ஸ்டீவன் ஃபெல்ட் 2000இல் இந்தப் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து தடம்பிடித்து எழுதினார். பசிபிக்கில் அழுத குழந்தையை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது கெட்ட எண்ணம் அல்ல. யார், எங்கே என்று கேட்காத பழக்கம்.

நமக்கு இந்தச் சங்கடம் புதிதா? 1998இல் மடோனா ‘ரே ஆஃப் லைட்’ ஆல்பத்தில் சமஸ்கிருதச் சுலோகத்தை மின்னணுத் தாளத்தோடு பாடினார். அப்போது முதன்முறையாக நம் ஊர்க்காரர்கள் வாத்தியாரையாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அமெரிக்க ரசிகர்களுக்குக் கிழக்கத்திய மர்மம். இங்கே கேட்டவர்களுக்கு உச்சரிப்புப் பிரச்சினை. மகாப்பிராணம் விழவில்லையே என்று ஒரு நண்பர் என்னிடம் அரைமணி நேரம் வருத்தப்பட்டார். பாட்டு எப்படி என்று கேட்டேன். அதை இன்னும் கேட்கவில்லையே என்றார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாளைக்கு எங்கோ ஒரு வெளிநாட்டு மசாஜ் நிலையத்தில் விளக்கை மங்கவைத்து, வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு யாரோ படுத்திருக்க, பின்னணியில் தருமபுரம் சுவாமிநாதன் குரலில் தேவாரத்தின் ஓர் அடி மட்டும் வெட்டப்பட்டுத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது என்று வையுங்கள். படுத்திருப்பவருக்கு நிம்மதி. நம்மில் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தால்? எழுந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைக்கிறேன். கோபம் இரண்டாவதாக வரும். அடி முடியாமல் திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிற்கும்போது, மீதியை வாய் தானே பாடும். வாத்தியாரையா வாய் திறந்து காத்திருந்தாரே, அது போல.

அந்த ஆல்பம் நல்ல வேலையா என்று கேள்வி நேரத்தில் யாராவது கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் பாதி நல்ல வேலை. தாளமில்லாத ஓதலைத் துண்டு துண்டாக்கி, தாளத்தின் இடைவெளி பார்த்துப் பொருத்தியிருக்கும் கைத்திறன் லேசானது அல்ல. நான் நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிப் பிழைத்தவன், எனக்குத் தெரியும். பின்பாதியில் இழுவை. முதல் பாதியிலும், ஆபராப் பாடகி மரியா காலஸின் குரலைக் கொண்டுவந்து வைத்த இடம் எனக்கு உருக்கமாக இருக்கவில்லை, கடையில் அலங்காரப் பொம்மை வைத்த மாதிரி இருந்தது. தெய்வ நிந்தனை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். தாளத்தோடு சேர்ந்ததால் பாட்டு தீட்டுப்பட்டுவிட்டது என்பவர்களோடும் சேரமாட்டேன்.

வாத்தியாரையா 1993இல் காலமானார். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. வழக்குச் செய்தி என் கண்ணில் பட்டபோது அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அன்றைக்கு என் காலை நிகழ்ச்சியின் பழைய நாடாக்களை எடுத்துப் பார்த்தேன். அடியில் அந்தக் குரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, என் பேச்சுக்குக் கீழே, பெயரில்லாமல். யாருடைய கடிதத்துக்கும் நான் பதில் எழுதியிருக்கவில்லை. எந்த மாதா கோயில் என்று கேட்டிருந்த அந்த அம்மாவுக்கும்.

பதில் இதுதான், முப்பது வருஷம் தாமதமாக. அது மடம் அல்ல, மாதா கோயிலும் அல்ல. கப்பெல்லா அந்திகுவா, மியூனிக். குழுவை 1956இல் தொடங்கி நடத்தியவர் கொன்ராட் ரூலாண்ட், 2010இல் காலமானார். அவர்களின் 1976 இசைத்தட்டை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பவனிப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை போடப் போகிறேன். ஒலிபெருக்கியைக் கவனிக்கும் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். விளக்கை அணைக்க வேண்டாம்.